பெரியவளின் சளி சிரப்பைச் சின்னவனுக்குப் பாதி அளவில் கொடுக்கலாமா?

இரு பிள்ளைகளின் அம்மா:

மகளுக்கு ஐந்து வயது. போன மாதம் சளி, இருமல், காய்ச்சல் என்று மருத்துவர் அவளுக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். வேளைக்கு 5 மி.லி. சில நாட்களில் சரியாகிவிட்டது. பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

இப்போது தம்பியின் முறை. அவனுக்கு ஒரு வயது எட்டு மாதம், எடை 11 கிலோ. பகலில் மூக்கை ஒழுக விட்டுக்கொண்டே வீட்டைத் தலைகீழாக்குகிறான். படுக்க வைத்தால்தான் மூக்கடைப்பும் இருமலும் வந்துவிடுகின்றன. நேற்று இரவு இருமி இருமி, குடித்த பாலைக் கக்கிவிட்டான். காய்ச்சல் 100.8 டிகிரி. அதற்கு அவனுடைய மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருந்தபடி காய்ச்சல் சொட்டு மருந்தை 1.5 மி.லி. கொடுத்தேன், குறைந்தது. இருமல்தான் நிற்கவில்லை.

"அக்காவுக்கு ஐந்து என்றால் தம்பிக்கு இரண்டரை, இதற்கெல்லாம் ஒரு டாக்டரா?" என்கிறார் மாமியார். "எதுவுமே கொடுக்க வேண்டாம், தானாகப் போகும்" என்கிறார் கணவர். ஆனால் நடு இரவில் எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது இருவரும் அல்ல. மருத்துவரை நாளைக்குத்தான் பார்க்க முடியும். இன்று ஒரு இரவுக்கு மட்டும் அந்த சிரப்பைப் பாதி அளவு கொடுத்தால் தவறா?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:

இன்று இரவு கொடுக்காதீர்கள், அம்மா. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பின்பக்க லேபிளில் "ஒவ்வொரு 5 மி.லி.யிலும்" என்று தொடங்கும் வரிகளை அப்படியே இங்கே எழுதுங்கள். மருந்தின் வணிகப் பெயர் எனக்கு வேண்டாம். அதே பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ உள்ளே இருக்கும் சரக்கே மாறிவிடும். சொட்டு மருந்தின் லேபிளையும் பாருங்கள்.

இரு பிள்ளைகளின் அம்மா:

எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். சிரப்: ஒவ்வொரு 5 மி.லி.யிலும் பாராசிட்டமால் 125 மி.கி., பினைலெஃப்ரின் 5 மி.கி., குளோர்பெனிரமைன் 1 மி.கி. சொட்டு மருந்து: ஒவ்வொரு 1 மி.லி.யிலும் பாராசிட்டமால் 100 மி.கி.

பாராசிட்டமால் இரண்டிலுமே இருக்கிறதே! சளி சிரப் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:

அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா, பாதி வேலை முடிந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற காலம் முழுவதும் பெற்றோரிடம் நான் கெஞ்சியது இந்த ஒரு காரியத்துக்காகத்தான்: முன்பக்கப் படத்தையும் பெயரையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகனுக்கு 110 முதல் 165 வரை. சொட்டு மருந்தில் நீங்கள் கொடுத்தது 150 மி.கி.; சரியான அளவு. இதன் மேல் சிரப்பில் இரண்டரை மி.லி. ஊற்றினால் இன்னொரு 62.5 மி.கி. சேர்ந்து 212-ஐத் தாண்டும்; கிலோவுக்கு 19-க்கு மேல். ஒரே ஒரு வேளை இப்படிப் போனால் குழந்தைக்கு விஷமாகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல் ஒரு வேளையோடு நிற்காதே. சொட்டு மருந்து ஒரு பக்கம், சிரப் ஒரு பக்கம் என்று நாள் முழுக்கவும், அடுத்தடுத்த நாட்களும் போய்க்கொண்டிருந்தால் அடி வாங்குவது கல்லீரல். ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் பாராசிட்டமால் கூடாது என்ற விதியை எல்லாரும் அறிவார்கள். சளி சிரப்பில் ஒளிந்திருக்கும் வேளையை யாரும் எண்ணுவதில்லை.

அடுத்தது குளோர்பெனிரமைன். ஒவ்வாமைக்கான பழைய மருந்து, தூக்கம் வரவழைக்கும். சாதாரண வைரஸ் சளியில் இது குழந்தையின் இருமலைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. பிறகு ஏன் "நல்லா கேட்குது" என்கிறார்கள்? பிள்ளை மயங்கித் தூங்குகிறான், வீடு அமைதியாகிறது. சளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. சில குழந்தைகளிடம் இதே மருந்து நேர்மாறாக வேலை செய்யும். தூங்க வேண்டியவன் கண்ணை அகல விழித்துக்கொண்டு விடிய விடியச் சிணுங்குவான். சின்னக் குழந்தைக்கு அளவு மீறினால் மூச்சே மந்தமாகலாம். ஒவ்வாமையே காரணமாக இருந்தால் கதை வேறு. அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

பினைலெஃப்ரின் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படுவது. வாய்வழி கொடுக்கும்போது அதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடுகிறது. மூக்குக்குப் பயன் சந்தேகம்; இதயத் துடிப்பு கூடுவது, படபடப்பு, எரிச்சல் ஆகியவற்றுக்கு மட்டும் வாய்ப்பு இருக்கிறது.

இந்தக் காரணங்களால்தான் 2008-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடையில் தானாக வாங்கும் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. அதே ஆண்டில் உற்பத்தியாளர்கள் தாங்களாகவே லேபிளில் நான்கு வயது என்று மாற்றினார்கள். பிரிட்டனில் 2009-இல் அந்த வரம்பு ஆறு வயதானது. உங்கள் பாட்டிலில் உள்ள குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின் கூட்டணியை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் இந்தியச் சுகாதாரச் சேவைகள் இயக்குநரகமும், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குச் சளி, இருமல் மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மருத்துவர்களுக்கே அறிவுறுத்தியது. நாட்டுக்கு நாடு வயது வரம்பு மாறுகிறது. ஆனால் எந்த வரம்பை எடுத்தாலும் உங்கள் மகன் அதற்குக் கீழேதான் இருக்கிறான்.

"அக்காவுக்கு ஐந்து என்றால் தம்பிக்கு இரண்டரை" என்ற கணக்கில் கோளாறு வகுத்தலில் இல்லை. இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாத மருந்துக்குப் பாதி அளவு என்று ஒன்று கிடையாது. மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள்; லேபிளைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், போதும்.

சரி, இன்று இரவுக்கு என்ன செய்வது? உங்கள் வர்ணனையைப் பார்த்தால் இருமலின் ஊற்றே மூக்கில்தான் இருக்கிறது. படுத்ததும் மூக்குச்சளி தொண்டையின் பின்பக்கம் வழிகிறது. அதை வெளியே தள்ளத்தான் இருமுகிறான். அந்த இருமலை அடக்குவதைவிட மூக்கைத் திறந்துவிடுவது மேல். உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்தை, பால் குடிப்பதற்குக் கொஞ்சம் முன்பும் தூங்கும் முன்பும் ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து வழிவதைத் துடைத்தெடுங்கள். உறிஞ்சும் பல்பு இருந்தால் மெதுவாக உறிஞ்சலாம். கத்துவான். கத்தட்டும், அதிலேயே பாதிச் சளி வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூக்குச் சொட்டு என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று வெறும் உப்புநீர், அதாவது சோடியம் குளோரைடு. இன்னொன்று சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் கலந்தது. குப்பிகள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். இரண்டாவது வகையை இந்த வயதில் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. சின்னக் குழந்தைக்கு அது அதிகமானால் மயக்கமும் மூச்சு மந்தமும் வரும். வாங்கும்போதே பெயரைப் படித்து வாங்குங்கள்.

ஒரு வயது தாண்டிவிட்டதால் தேனும் கொடுக்கலாம். தூங்கும் முன் இரண்டரை மி.லி. இருமல் சிரப்புகளைவிட இதற்கு ஆய்வுச் சான்று பரவாயில்லை. ஒரு வயதுக்குள் மட்டும் நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும். பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். ஒரே மூச்சில் வயிறு முட்டக் கொடுத்தால் இருமும்போது கக்கத்தான் செய்வான். நேற்று நடந்தது அதுவாகவே இருக்கலாம். கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கிலோ நெஞ்சிலோ தேய்க்க வேண்டாம். இரண்டு வயதுக்குள் அதற்கு அனுமதி இல்லை. கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பு வரும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்கார வைப்பதும் வேண்டாம். அதில் சளி கரைவதைவிடக் கொப்புளம் வருவது எளிது.

நாளை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த சிரப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:

மருந்தாளுநர் ஐயா மருந்தைச் சொல்லிவிட்டார். நான் குழந்தையைப் பார்ப்பது பற்றிச் சொல்கிறேன். இருமல் சத்தம் பெற்றோரை அச்சுறுத்துகிறது. எங்களை அச்சுறுத்துவது மூச்சு.

மகன் தூங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ சட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். சின்னக் குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது, கணக்கு தப்பிவிடும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணிப் பயனில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் இது: இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் போனால் அது வேகமான மூச்சு. காய்ச்சல் ஏறியிருக்கும்போது மூச்சும் கொஞ்சம் வேகப்படும். காய்ச்சல் இறங்கிய பிறகு மீண்டும் ஒரு முறை எண்ணுங்கள். அப்போதும் 40-ஐத் தொட்டால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் உள்ளே குழிந்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது. உதடு நீலம் பாரித்தல், மூச்சு இழுக்கும்போது கரகரவென்று சத்தம், பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினாலும் சோர்ந்து சரிவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவு என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சலே அவசரம்தான்.

இன்னொன்று. சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று புரையேறி இருமத் தொடங்கினால் எதையோ விழுங்கி அது மூச்சுக்குழாயில் போயிருக்கலாம் என்று நினையுங்கள். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கிவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். எந்த சிரப்பும் அதை வெளியே எடுக்காது.

மூன்று பேரை வளர்த்த தாத்தா:

இத்தனை பயமுறுத்தல் தேவையா? என் பிள்ளைகள் மூவரும் இருமல் மருந்து குடித்துத்தான் வளர்ந்தார்கள். மூவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். வறட்டு இருமலுக்கு ஒன்று, சளி இருமலுக்கு ஒன்று என்று தெரிந்து கொடுத்தால் போதாதா?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:

அண்ணா, உங்கள் மூவரும் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி. சிரப் குடிக்காமல் இருந்திருந்தாலும் அதே நாளில்தான் குணமாகியிருப்பார்கள் என்பது என் வாதம். சளியோடு வரும் இருமல் பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளில் நிற்கும். சிலருக்கு மூன்று வாரத்துக்கு மேலும் இழுக்கும். ஐந்தாம் நாள் சிரப் தொடங்கி பத்தாம் நாள் இருமல் நின்றால் புகழ் யாருக்குப் போகும்? பாட்டிலுக்கு.

வறட்டு இருமல், சளி இருமல் என்ற பிரிவினை பெரியவர்களுக்கே தடுமாற்றம். குழந்தை சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால் வெளியிலிருந்து எது என்று சொல்லவே முடியாது. வறட்டு இருமலுக்கு என்று விற்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மூளையில் உள்ள இருமல் தூண்டலை அடக்கும். நெஞ்சில் சளி கட்டியிருக்கும் குழந்தையிடம் அதைக் கொடுத்தால், வெளியேற வேண்டியது உள்ளேயே தங்கும். சளி இருமலுக்கு என்று வரும் பாட்டில்களில் சளியை இளக்குவதற்கான அம்ப்ராக்சால், குவைஃபெனசின் ஆகியவற்றோடு லீவோசால்ப்யூட்டமாலோ டெர்ப்யூட்டலினோ சேர்ந்திருக்கும். கடைசி இரண்டும் மூச்சுக்குழாயை விரிப்பவை. வீசிங், அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சில் விசில் போன்ற சத்தம், இருந்தால்தான் அவற்றுக்கு வேலை, அப்போதும் இன்ஹேலரே மேல். வீசிங் இல்லாத பிள்ளைக்குக் கிடைப்பது கை நடுக்கமும் நெஞ்சுத் துடிப்பும்.

இவை எல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி இன்னும் இரண்டு உண்டு. கோடீன் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடவே கூடாது. சிலருடைய உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும்; மூச்சு நின்றுபோன குழந்தைகள் உண்டு. புரோமெத்தசின் இரண்டு வயதுக்குள் தடை. வீட்டில் பெரியவர்களின் இருமல் மருந்து இருந்தால் அதன் லேபிளில் இந்த இரண்டு பெயர்களையும் தேடிப் பாருங்கள், அண்ணா. பேரப்பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். இனிப்பாக இருக்கும் எதையும் அவர்கள் விடமாட்டார்கள். மருந்து கொடுக்கும்போது "மிட்டாய்த் தண்ணீர்" என்று ஏமாற்றும் பழக்கமும் இதனால்தான் எனக்குப் பிடிக்காது.

மூன்று பேரை வளர்த்த தாத்தா:

என் இருமல் மருந்திலேயே கோடீன் இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். உங்கள் வாதம் முழுவதையும் ஒப்புக்கொண்டதாக நினைக்க வேண்டாம்.

நான்கு மாதக் குழந்தையின் அப்பா:

ஐயா, ஒரு சந்தேகம். காய்ச்சலுக்குச் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் இருக்கின்றன. சொட்டு மருந்து என்றால் வீரியம் குறைந்தது, சின்னக் குழந்தைக்கானது என்றுதானே பொருள்? சொட்டு தீர்ந்துபோனால் சிரப்பில் அதே அளவு கொடுக்கலாமா? அளவு மூடி தொலைந்துவிட்டால் வீட்டுத் தேக்கரண்டி போதுமா?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். நேர் எதிர். சொட்டு மருந்துதான் அடர்த்தி கூடியது. குழந்தை கொஞ்சமாக விழுங்கினாலே போதுமான மருந்து உள்ளே போக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பாராசிட்டமாலில் 1 மி.லி. சொட்டு மருந்தில் 100 மி.கி. இருந்தால், 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பின் 1 மி.லி.யில் இருப்பது 25 மி.கி. நான்கு மடங்கு வித்தியாசம். சொட்டுக்குப் பதில் சிரப்பை அதே அளவில் கொடுத்தால் காய்ச்சல் இறங்காது, அவ்வளவுதான். சிரப்புக்குப் பதில் சொட்டு மருந்தை அதே அளவில் கொடுத்தால் நான்கு வேளை மருந்து ஒரே வாயில் போய்விடும். போதாக்குறைக்கு சிரப்பிலும் 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள வகை ஒன்று இருக்கிறது. அதனால் "எத்தனை மி.லி.?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "எத்தனை மி.கி., எந்தப் பாட்டிலில்?" என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் குழந்தைக்கு நான்கு மாதம்தான் என்பதால் காய்ச்சல் மருந்துக்கும் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். சளி சிரப் பக்கமே போக வேண்டாம்.

தேக்கரண்டி வேண்டவே வேண்டாம். ஒன்றில் மூன்று மி.லி. பிடிக்கும், இன்னொன்றில் ஏழு பிடிக்கும். ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலைக் குலுக்கிவிட்டு உறிஞ்சுங்கள். குமிழி இருந்தால் மேல்நோக்கித் தட்டி வெளியே தள்ளுங்கள். கண் மட்டத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு, நுனியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். நேராகத் தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும். பால் பாட்டிலில் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. குழந்தை பாதிப் பாலை விட்டுவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்குத் தெரியும்?

அத்தை:

சிரப்பில் விஷம் கலந்து குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்த நாளிலிருந்து எந்தப் பாட்டிலைப் பார்த்தாலும் கை நடுங்குகிறது. நிறம், வாசனை, சுவை எதையாவது வைத்து வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:

முடியாது, அம்மா. அந்த விஷம் டைஎத்திலீன் கிளைக்கால். நிறமில்லை, வாசனையில்லை, குடித்தால் இனிக்கும். சிரப் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்க கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் சேர்ப்பார்கள். அவை மருந்துத் தரத்தில் வர வேண்டும். மூலப்பொருளைச் சோதிக்காமல் பீப்பாயோடு ஊற்றும் இடத்தில், தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவான கரைப்பான் உள்ளே நுழைந்துவிடுகிறது.

இது புதிய கதையும் அல்ல. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலிலேயே கரைத்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் 1938-இல் அங்கே வந்ததற்குக் காரணமே அந்தச் சாவுகள்தான். பிறகும் நின்றதா? 2022-இல் காம்பியாவில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள். அதே ஆண்டில் இந்தோனேசியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் சாவுகள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம், அந்த இருமல் சிரப்பின் மாதிரியில் இருந்தது 48.6 சதவீதம். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. இதைப் பிடிக்க வேண்டியது தொழிற்சாலையின் ஆய்வகமும் அரசின் மருந்து ஆய்வாளரும். தாய்மாரை பாட்டிலை மோந்து பார்க்கச் சொல்லும் நிலைக்கு நாம் வரக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ரசீதோடு வாங்குங்கள், சீல் உடைந்திருந்தால் வாங்காதீர்கள், மருந்து கொடுத்து முடியும் வரை பாட்டிலையும் அட்டையையும் எறியாதீர்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கிறது. மருந்து தொடங்கிய பிறகு வாந்தி, வயிற்றுவலியோடு சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ உடனே மருந்தை நிறுத்தி, பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அது சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி. தேவையில்லாத சிரப்பை வாங்காமலே இருந்தால் இந்த அபாயத்தில் பெரும்பகுதி வாசற்படியிலேயே நின்றுவிடும். அதற்காக மருத்துவர் எழுதிய காய்ச்சல் மருந்தையோ ஆன்டிபயாட்டிக்கையோ பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இரு பிள்ளைகளின் அம்மா:

இரவு உப்புநீர்ச் சொட்டும் தேனும்தான் கொடுத்தேன். இருமல் இருந்தது, ஆனால் இடையிடையே நன்றாகத் தூங்கினான். சட்டையைத் தூக்கி எண்ணினேன், முப்பத்திரண்டு. மூச்சு எண்ணும் வேலையைக் கணவரிடம் ஒப்படைத்ததில் அவரும் இரவில் எழுந்தார் என்பது கூடுதல் லாபம்.

இன்று மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, வைரஸ் சளி, ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், சிரப்பும் வேண்டாம் என்றார். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மீண்டும் வரச் சொன்னார். மாமியார் உடன் வந்திருந்ததால் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளின் பழைய பாட்டிலை மட்டும் "இருக்கட்டும், அவளுக்கு ஆகும்" என்று எடுத்து வைத்துவிட்டார். வைக்கலாமா? இன்னொரு கேள்வியும்: காய்ச்சல் மருந்து கொடுத்தவுடன் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கலாமா?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:

முப்பத்திரண்டு நல்ல எண். நிம்மதி.

திறந்த பாட்டிலை வைத்திருக்க வேண்டாம். அட்டையில் உள்ள காலாவதித் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கானது. திறந்த பிறகு எத்தனை நாள் என்பது தனியாக எழுதியிருக்கும். அதைவிட முக்கியம், அடுத்த முறை மகளுக்கு வரும் இருமல் இதே இருமலாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தண்ணீர் கலந்து கரைக்கும் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருந்தால் அதையும் அப்புறப்படுத்திவிடுங்கள். கரைத்த பிறகு அதன் ஆயுள் ஒன்று இரண்டு வாரம்தான்.

கக்கும் விஷயம்: பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரத்துக்குள் கக்கிவிட்டால் அதே அளவை ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி தாண்டியிருந்தால் மருந்து உள்ளே போய்விட்டதாகக் கொண்டு அடுத்த வேளை வரை பொறுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம். கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். வீட்டில் மூன்று பெரியவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் தூங்கும்போது கணவர் கொடுத்தது தெரியாமல் மாமியார் மறுபடியும் கொடுத்துவிடக் கூடாது அல்லவா?